அரைக்கதவின் கொண்டி

எபனேசர் கப்பல்,
மொம்பாசா துறைமுகம்.
2025 பெப்ரவரி 2

அன்புள்ள அக்காவுக்கு,

நலம் விசாரித்துத்தான் தொடங்க வேண்டும். ஐந்து மாதமாக நீங்கள் போனையே எடுக்காதபோது நான் எதை விசாரிப்பது? அத்தானிடம் கேட்டால், "நல்லாத்தான் இருக்கா, ஒம் பேர சொன்னா மட்டும் எந்திரிச்சுப் போயிர்றா" என்கிறார். அதனால்தான் பேனாவை எடுத்தேன். தோட்ட ஆபீஸ் விலாசத்துக்குப் போட்டால் உங்கள் கைக்கு எப்போது வருமோ என்று, நோட்டன் பிரிட்ஜ் லெட்சுமணன் ஸ்டோர்ஸ் விலாசத்துக்குப் போடுகிறேன். சீனி வாங்கப் போகும்போது வாங்கிக்கொள்ளுங்கள்.

கப்பல் என்றதும் நீங்கள் என்ன நினைத்தீர்களோ, நான் நினைத்தது எதுவும் இங்கே இல்லை. முந்நூறு பேர் இருக்கிறோம். அதில் முப்பது குடும்பம். ஒவ்வொரு துறைமுகத்திலும் இரண்டு மூன்று வாரம் நிற்போம். ஊர்ச் சனம் ஏறிவந்து புத்தகம் வாங்கும், கப்பல் டாக்டரிடம் பல்லும் கண்ணும் காட்டும், விரும்பியவர்கள் ஜெபத்துக்கு உட்காருவார்கள். பிறகு அடுத்த ஊர். யாருக்கும் சம்பளம் கிடையாது. பொல்பிட்டிய பவர் ஸ்டேஷனில் வயர் பார்த்த உங்கள் தங்கச்சி புருஷன் விஜி இப்போது கப்பலின் அடித்தட்டில் வயர் பார்க்கிறார். எனக்குச் சலவை அறையில் வேலை. முந்நூறு பேர் படுக்கை விரிப்பு, முந்நூறு பேர் துவாய்.

எங்கள் அறை நம் லயத்துக் காம்பராவில் பாதிதான் இருக்கும். கடல் கொந்தளித்தால் எல்லாவற்றையும் கயிறு போட்டுக் கட்ட வேண்டும். முதல் தடவை தெரியாமல் விட்டு, நீங்கள் கொடுத்துவிட்ட தேசிக்காய் ஊறுகாய்ப் போத்தல் பறந்து விஜியின் தோளில் விழுந்தது. ஆனாலும் அக்கா, நான் சந்தோஷமாக இருக்கிறேன். குவைத்தில் நாலு வருஷம் யாருடைய சமையலறையிலோ நின்றுகொண்டே தனியாகச் சாப்பிட்டேன். இங்கே மூன்று வேளையும் என் புருஷன் ஒரு பக்கம், பிள்ளை ஒரு பக்கம். தட்டைப் பார்த்து ஸ்தோத்திரம் சொல்லும்போது வெறும் வாயால் சொல்லவில்லை, மனசாரத்தான் சொல்கிறேன்.

ஷாமிலா நன்றாக இருக்கிறாள். மேல்தட்டில் பள்ளிக்கூடம்.

அந்தச் சனிக்கிழமையைப் பற்றியும் எழுதிவிடுகிறேன். ஹட்டன் பஸ் வரும் நேரம். பைகள் ரோட்டில். நீங்களோ பிள்ளையை நீங்கள் வேலை பார்க்கும் பிள்ளைக்காம்பராவுக்குள் வைத்துக்கொண்டு மத்தியானச் சாப்பாடு முடியட்டும் என்கிறீர்கள். விஜி வாசலில் நின்று கூப்பிட்டதும் அவளே அரைக்கதவைத் தள்ளிக்கொண்டு ஓடிவந்தாள், இல்லாவிட்டால் நாங்கள் அங்கேயேதான் நின்றிருப்போம். அந்த ஆத்திரத்தில் நானும் ஏதோ பேசிவிட்டேன். நீங்களும் பேசினீர்கள். அதை விட்டுவிடுவோம். துறைமுகத்தில் நிற்கும் ஞாயிறுகளில் உங்கள் நேரம் நாலு மணிக்குக் கூப்பிடுகிறேன். எடுங்கள் அக்கா.

இப்படிக்கு,
நிஷாந்தி


ஸ்ரீ மாரியம்மன் துணை

கீழ்ப்பிரிவு, நோட்டன் பிரிட்ஜ்.
2025 மார்ச் 1

நிஷாந்திக்கு,

உன் கடிதம் கிடைத்தது. லெட்சுமணன் முதலாளி அதைக் கடையில் சாமிப் படத்துக்குக் கீழே சாத்திவைத்து, வந்தவர் போனவருக்கெல்லாம் வெளிநாட்டு முத்திரையைக் காட்டி முடித்த பிறகுதான் எனக்குக் கொடுத்தார். இந்தத் தோட்டத்தில் நீ கப்பலில் இருப்பது தெரியாதவர் இனி யாருமில்லை.

ஏதோ பேசிவிட்டேன் என்று எழுதியிருக்கிறாய். அந்த ஏதோ என்ன என்று மறந்திருந்தால் நான் எழுதுகிறேன். பிள்ளைக்காம்பரா வாசலில், பால் கொடுக்க மலையிலிருந்து இறங்கிவந்த அத்தனை பெண்களுக்கும் முன்னால், பிள்ளையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு சொன்னாய். "பெத்தவ நான். நீங்க பாத்தது ஆயா வேலதானேக்கா?" இதுதான் உன்னுடைய ஏதோ.

ஆயா வேலை கேவலமில்லை. பதினெட்டு வருஷமாக அதைத்தான் பார்க்கிறேன். கொழுந்தெடுக்கப் போகும் அம்மாமார் காலையில் கையில் கொடுத்துவிட்டுப் போகும் பிள்ளைகளைச் சாயங்காலம் எண்ணித் திருப்பிக் கொடுக்கிறேன். இப்போது இருபத்து மூன்று. அந்த இருபத்து மூன்றும் பொழுது சாய்ந்தால் அவரவர் வீட்டுக்குப் போய்விடும். உன் மகள் பொழுது சாய்ந்தால் என் வீட்டுக்கு வந்தாள். பத்து மாதத்தில் என் மடியில் போட்டுவிட்டு நீ குவைத்துக்குப் போனாய். பல் முளைத்தது, நடந்தது, அம்மை போட்டது எல்லாம் என் காம்பராவில். நீ திரும்பி வந்த பிறகும் என் பக்கத்தில்தான் படுத்தாள். அதற்கும் ஆயா வேலை என்றுதான் பெயரா? நீயே யோசித்துக்கொள்.

போனை எடுக்க மாட்டேன். பின்னால் அவள் குரல் கேட்கும். கேட்டால் எனக்கு அன்றைக்கு வேலை ஓடாது. கடிதத்துக்குக் குரல் இல்லை, அதனால் கடிதம் பரவாயில்லை.

இங்கே புதிதாக ஒன்றுமில்லை. பிள்ளைக்காம்பராவுக்குச் சிறுவர் அபிவிருத்தி நிலையம் என்று நீளமாகப் போர்டு போட்டிருக்கிறார்கள். போன வாரம் ஒரு ஆபீசர் வந்து, திரிபோஷா சத்துமா பக்கெட்டை எண்ணினார், தண்ணீர்த் தாங்கியைப் பார்த்தார், அரைக்கதவின் கொண்டி பிள்ளைகளுக்கு எட்டாத உயரத்தில் வெளிப்பக்கமாக இருக்கிறது, நல்லது என்று எழுதிக்கொண்டு போனார். உன் அத்தானுக்கு முழங்கால் வலி. பேக்டரி வேலைக்குப் போகிறார், முனகிக்கொண்டு.

நான் கட்டிவிட்ட தாயத்து அவள் கழுத்தில் இருக்கிறதா, இல்லை உன் சாமிக்குப் பிடிக்காது என்று கழற்றிவிட்டாயா? ஷாமிலா நன்றாக இருக்கிறாள் என்று ஒரு வரிதான் எழுதியிருக்கிறாய். ஊறுகாய்ப் போத்தலுக்கு மூன்று வரி. அவளுக்கு எழுதத் தெரியும். சிலேட்டில் கைபிடித்து நான்தான் எழுதவைத்தேன். இரண்டு வரி எழுதச் சொல்.

ஜெயலெட்சுமி


எபனேசர் கப்பல்,
தாரெஸ்ஸலாம்.
2025 ஏப்ரல் 6

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் கடிதம் எங்கள் அலுவலகம் இருக்கும் ஜெர்மனிக்குப் போய், அங்கே பையில் கட்டி, இங்கே வந்து சேர ஐந்து வாரமாகிவிட்டது. அது ஆறாமல் சூடாகவே வந்தது.

தாயத்து கழுத்தில்தான் இருக்கிறது. விஜிதான் சொன்னார், "அது அக்கா கட்டுனது, கெடக்கட்டும்" என்று. எங்கள் சாமி அவ்வளவு கோபக்காரர் இல்லை.

நான் சொன்னது பிழைதான். ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஒன்று கேட்கிறேன். குவைத்திலிருந்து நான் வந்து இறங்கிய அன்று, ஒரு பெட்டி நிறைய சட்டையும் பொம்மையும் கொண்டுவந்து குந்தி உட்கார்ந்து கையை நீட்டினேன். அவள் உங்கள் சீலைக்குப் பின்னால் ஒளிந்தாள். நீங்கள் சிரித்தீர்கள். "ஆரோ வந்துருக்காங்கன்னு பயப்புடுது" என்று மற்றவர்களிடம் சொன்னீர்கள். ஆரோ. நாலு வருஷம் அடுத்தவன் பிள்ளைக்குச் சோறூட்டிய கை அக்கா அது. இன்றைக்கும் அவள் என்னை வெறும் அம்மா என்று கூப்பிடுவதில்லை. நீங்கள் பழக்கிவிட்டபடி நிஷாம்மா என்கிறாள். பெரியம்மாவுக்கு மட்டும் எந்த ஒட்டும் இல்லாமல் முழுசாகப் பெரியம்மா.

சரி, சண்டை போதும். இங்கே ஒரு வேடிக்கை சொல்கிறேன். கப்பலில் தனியாக வந்திருக்கும் இளம் ஆட்களுக்கெல்லாம் ஒரு குடும்பம் ஒதுக்கிக் கொடுக்கிறார்கள். நோட்டீஸ் பலகையில் பெயர்ப் பட்டியல் ஒட்டியிருந்தது. எங்கள் பெயருக்குக் கீழே இரண்டு பிள்ளைகள். பிரேசில்காரன் மாத்தேயு, மடகாஸ்கர் பெண் நோரோ. எனக்கு முப்பத்தொரு வயது, நோரோவுக்கு இருபத்திரண்டு. ஒரே நாளில் அவளுக்கு நான் தாய். நன்றாக இருக்கிறது நியாயம் என்று நானும் சிரித்தேன்.

வியாழக்கிழமை சாயங்காலம் குடும்ப நாள். சமையலறையில் மாவு கேட்டு வாங்கி ரொட்டி தட்டி, மிளகாயும் வெங்காயமும் வைத்துக் கட்டசம்பல் அரைத்து வைப்பேன். மாத்தேயு ஏழு ரொட்டி சாப்பிட்டுவிட்டு எட்டாவதைப் பார்ப்பான். நோரோ முதல் மூன்று வாரம் பேசவே இல்லை. நாலாவது வாரம் அவள் ஊரில் தம்பிக்குக் காய்ச்சல் என்று செய்தி வந்தது. ரொட்டியைக் கையில் வைத்துக்கொண்டே அழுதாள். நான் தலையைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பாஷை எல்லாம் அரைகுறைதான். போகும்போது அம்மா என்று சொல்லிவிட்டுப் போனாள். ஷாமிலாவிடம் கேட்டுப் படித்திருக்கிறாள். அன்றைக்கு எனக்கு ஏனோ உங்கள் நினைப்பாகவே இருந்தது.

ஷாமிலாவுக்குப் பள்ளிக்கூடம் முழுக்க ஆங்கிலம். நேரம் கிடைக்கும்போது எழுதச் சொல்கிறேன்.

நிஷாந்தி


கீழ்ப்பிரிவு.
2025 ஏப்ரல் 29

நிஷாந்திக்கு,

ஏழு வயதுப் பிள்ளைக்கு இரண்டு வரி எழுத நேரமில்லையா? மேல்டிவிஷனில் அத்தனை பேரையும் வேலை வாங்கும் கண்டாக்கையாவுக்குக்கூட அவ்வளவு வேலை இல்லை.

எனக்கு விளங்குகிறது. மறக்கடிக்கிறாய். அது பிழையும் இல்லை. பிள்ளை அம்மாவோடு ஒட்டத்தான் வேண்டும், பழையது மறந்தால்தான் ஒட்டும். ஆனால் நேரமில்லை என்று எனக்குக் கதை சொல்லாதே.

இனி எழுத வேண்டாம். ஒவ்வொரு தடவையும் லெட்சுமணன் முதலாளி, "என்னா, புள்ள எழுதியிருக்கா?" என்று கேட்கிறார். இல்லை என்று சொல்லி எனக்கு வாய் வலிக்கிறது.

அந்த மடகாஸ்கர்ப் பெண்ணின் தம்பிக்குச் சுகமாகிவிட்டதா என்று மட்டும் அத்தானிடம் சொல்.

ஜெயலெட்சுமி


எபனேசர் கப்பல்,
போர்ட் லூயிஸ்.
2025 ஜூன் 8

அக்கா,

எழுத வேண்டாம் என்று எழுதியிருந்தீர்கள். இதை எழுதாமல் இருக்க முடியாது. படித்துவிட்டு இந்தக் கடிதத்தை அடுப்பில் போட்டாலும் சரி, கூட வரும் கட்டைப் போட்டுவிடாதீர்கள். அது என்னுடையதில்லை. நோரோவின் தம்பிக்குச் சுகமாகிவிட்டது.

போன மாதம் இருபத்தேழாம் தேதி காலை பத்து மணி. நடுக்கடல். என் சலவை அறையில் துணி உலர்த்தும் மெஷினுக்குள் தேங்கியிருந்த பஞ்சு புகைய ஆரம்பித்தது. பெரிதாக ஒன்றுமில்லை, இருபது நிமிஷத்தில் அணைத்துவிட்டார்கள். ஆனால் கப்பலில் புகை என்றால் விளையாட்டில்லை. மணி அடித்தது. அந்த மணி கேட்டால் செய்கிற வேலையைப் போட்டுவிட்டு, மிதவைச் சட்டையை மாட்டிக்கொண்டு, அவரவருக்குக் குறித்த இடத்துக்கு ஓட வேண்டும். அங்கே பெயர் கூப்பிடுவார்கள். தோட்டத்தில் வேலைக்கு ஆள் எண்ணும் நம் காலைப் பெரட்டேதான். ஆனால் குரல் வராவிட்டால் இங்கே அரைநாள் சம்பளம் என்று அரைப்பேர் போட்டு முடிப்பதில்லை, ஆளைத் தேட வேண்டும்.

பள்ளிக்கூடப் பிள்ளைகள் இடைவேளைக்கு வெளியே விளையாடிக்கொண்டிருந்த நேரம். மணி கேட்டு எல்லோரும் வரிசைக்கு வந்துவிட்டார்கள், ஷாமிலா வரவில்லை. சின்னஞ்சிறுசுகளின் அறையைப் பார்த்துக்கொள்ளும் பெண் இரண்டு கைக்குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தாள். மீதி மூன்று பேரை இன்னொருத்தி கொண்டுவருவாள் என்று நினைத்திருக்கிறாள். இன்னொருத்தியோ வேறு வேலைக்குப் போயிருந்தாள். ஆக, நாலு பெயருக்குக் குரல் இல்லை. ஷாமிலாவின் பெயரை மூன்று தரம் கூப்பிட்டார்கள். நான் திரும்பி உள்ளே ஓடப் பார்த்தேன். நோரோதான் பிடித்துக்கொண்டாள்.

விஜி தேடிப் போனார். விளையாடிய இடத்துக்குப் பக்கத்திலிருந்த அந்தச் சின்னஞ்சிறுசுகளின் அறையில்தான் ஷாமிலா இருந்திருக்கிறாள். மூன்று பேரையும் சுவரோடு உட்காரவைத்து, ஒருவர் சட்டை நுனியை ஒருவர் பிடித்துக்கொள்ளச் செய்து, கடைசி நுனியைத் தன் கையில் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தாளாம். அப்பாவைக் கண்டதும் அழவில்லையாம். "யாரும் ஓடலப்பா. மூணு பேரும் இருக்காங்க" என்று சொன்னாளாம்.

இது யார் சட்டம் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மழை நாளில் மண்சரிவுக்கு மணி அடித்தால் யாரும் வீட்டுக்கு ஓடக்கூடாது, பெரிய பிள்ளை சின்னப் பிள்ளையைப் பிடித்துக்கொள்ள வேண்டும், பெரியவர்கள் வரும்வரை அசையக்கூடாது. மாதத்துக்கு ஒரு தடவை நீங்கள் தண்டவாளத் துண்டைத் தட்டிப் பழக்குவதை நானே பார்த்திருக்கிறேன். பார்த்துச் சிரித்தும் இருக்கிறேன். கப்பலில் சட்டம் நேர் எதிர். இங்கே ஓடத்தான் வேண்டும். எத்தனையோ தடவை ஒத்திகை பார்த்திருக்கிறோம். ஆனால் அந்த ஒத்திகையிலெல்லாம் டீச்சர் பக்கத்தில் இருந்தார். தனியாக மணி கேட்டதும் அவள் கால் உங்கள் சட்டத்துக்குத்தான் போயிருக்கிறது.

மறுநாள் கேப்டன் எங்களைக் கூப்பிட்டார். அவளை முன்னால் நிறுத்தி, செய்தது பிழை, இனிமேல் உன் இடத்துக்குத்தான் வர வேண்டும் என்று மெதுவாகச் சொன்னார். பிறகு அந்த மூன்று பிள்ளைகளுக்காக அவளுக்கு நன்றியும் சொன்னார். அந்த அறைக்கு இப்போது எந்நேரமும் இரண்டு பேர். எல்லாம் முடிந்து எழும்பும்போது, இதை யார் பழக்கினார்கள் என்று என்னிடம் கேட்டார். என் அக்கா, இவளை வளர்த்தவர் என்று சொன்னேன். சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே தெரிந்தது. அதை எவ்வளவு காலம் முன்னால் சொல்லியிருக்க வேண்டும் என்பதும். கேப்டன் தன் நன்றியை உங்களுக்கு எழுதச் சொன்னார். எழுதிவிட்டேன்.

இனி நான் சொல்ல வேண்டியது. அன்று சாயங்காலம் தலை சீவிவிடும்போது ஷாமிலா சொன்னாள்.

"நிஷாம்மா, பெரியம்மாகிட்ட சொல்லுங்க, இந்த தடவ நான் ஓடலன்னு."

எந்தத் தடவை ஓடினாய் என்று கேட்டேன்.

"அன்னைக்கு அப்பா கூப்பிட்டதும் கதவ தள்ளிக்கிட்டு வெளிய ஓடியாந்துட்டேன்ல. ஓடக்கூடாதுன்னு சொல்லியிருக்காங்கல்ல. அதான் பெரியம்மா பேச மாட்டேங்குறாங்க."

அக்கா, ஒன்பது மாதமாக அந்தப் பிள்ளை இதை வயிற்றுக்குள் வைத்துக்கொண்டு சோறு தின்றிருக்கிறது. நானும் நீங்களும் கோபத்தைக் கையில் பிடித்துக்கொண்டு இரண்டு பக்கமும் நின்றோம். அடி அவளுக்குத்தான் விழுந்திருக்கிறது.

அவள் உங்களுக்கு எழுதாமல் இல்லை. பதினொரு கடிதம் எழுதினாள். தபால் பையில் போடச் சொல்லி என்னிடம் கொடுத்தாள். நான்தான் போடவில்லை. முதல் கடிதத்தில் நம் லயத்தைப் படமாக வரைந்திருந்தாள். வாசலில் நீங்கள், பெரிதாக. தாளின் ஓரத்தில் ஒரு கப்பல், அதில் ஒரு பொட்டு. அந்தப் பொட்டு நான். கீழே, "நிஷாம்மா நல்லா பாத்துக்கிறாங்க, ரொட்டி மட்டும் கல்லு மாதிரி வருது" என்று எழுதியிருந்தாள். விருந்தாளி வீட்டைப் பற்றி எழுதுவது போல. எனக்குத் தாங்கவில்லை. மெத்தைக்கு அடியில் வைத்தேன். பிறகு ஒவ்வொன்றாக அங்கேயே போனது. நீங்கள் இரண்டு வரி கேட்டு எழுதியபோது நான் அந்த மெத்தையில் உட்கார்ந்துதான் படித்தேன். மறக்கடிக்கிறாய் என்று எழுதினீர்கள். சரியாகத்தான் எழுதினீர்கள்.

நோரோ பெற்ற பிள்ளை இல்லை. பலகையில் ஒட்டிய தாளில் வந்தவள். ஆனால் அவள் கப்பலை விட்டு ஊருக்குப் போகும் நாளைப் பற்றி யாராவது பேசினால் இப்போதே நான் எழுந்து போய்விடுகிறேன். நாலு மாதம் பழகிய பிள்ளைக்கே எனக்கு இப்படி. உங்களுக்கு ஆறு வருஷம்.

என் பிள்ளையை வளர்த்துக் கொடுத்ததற்கு நன்றி அக்கா. நான் இல்லாத நாலு வருஷமும் ஒரு நாள்கூட அவள் பசியோடு படுக்கவில்லை என்பதற்கு நன்றி. மணி கேட்டால் சின்னதைப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்று அவளுக்குப் பழக்கியதற்கு நன்றி. தினமும் கடவுளுக்குச் சொல்கிறேன், உங்களுக்கு ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. அந்த வாசலில் நான் சொன்ன சொல்லுக்கு என்னை மன்னித்துவிடுங்கள்.

டிசம்பரில் இரண்டு மாத விடுமுறை. மூன்று பேரும் வருகிறோம். எந்தக் காம்பராவில் படுப்பது என்று அவளே சொல்லட்டும். நான் முகத்தைத் தூக்க மாட்டேன்.

உங்கள் தங்கச்சி
நிஷாந்தி


ஸ்ரீ மாரியம்மன் துணை

கீழ்ப்பிரிவு, நோட்டன் பிரிட்ஜ்.
2025 ஜூலை 5, சனிக்கிழமை

என் தங்கச்சி நிஷாந்திக்கு,

கட்டு வந்து மூன்று நாளாகிறது. இரண்டு நாள் பேனா எடுக்க நேரமில்லை. புதன் ராத்திரி விடியவிடிய மழை, வியாழக்கிழமை காலையில் மண்சரிவு எச்சரிக்கை. கீழ் லயத்துச் சனத்தையெல்லாம் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றினார்கள். நானும் மணியைத் தட்டினேன். இருபத்து மூன்றும் சட்டையைப் பிடித்துக்கொண்டு ஒரே வரிசையாக மேட்டில் ஏறின. மாரியம்மன் புண்ணியத்தில் மண் இறங்கவில்லை. முன்னால் நடந்துகொண்டே எனக்குக் கப்பலில் இருந்த மூன்றும் ஞாபகம் வந்தது. எண்ணும்போது இருபத்தாறு என்று எண்ணிவிட்டுத் திரும்பவும் எண்ணினேன்.

பதினொரு கடிதத்தையும் படித்துவிட்டேன். நேற்று மத்தியானம் பிள்ளைகள் தூங்கும்போது ஒரு தடவை, வீட்டில் அத்தானுக்கு வாய்விட்டு ஒரு தடவை. அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுப்புப் புகை என்கிறார். அடுப்பே மூட்டவில்லை. ஐந்தாவது கடிதத்தில், தாயத்து என்ன என்று கேட்ட வெள்ளைக்காரப் பிள்ளையிடம் "இது எங்க பெரியம்மா" என்று சொன்னதாக எழுதியிருக்கிறாள். ஒன்பதாவதில் ஒரே ஒரு வரி. "பெரியம்மா, கோவம் போனதும் சொல்லுங்க, நான் காத்துக்கிட்டு இருக்கேன்." அதற்கு மேல் படிக்க நேற்று முடியவில்லை. மிச்சத்தை இன்று காலையில்தான் படித்தேன்.

நீ மெத்தைக்கு அடியில் வைத்ததை வாசித்ததும் எனக்கு உன் மேல் வந்த கோபத்தை எழுதினால் தாள் போதாது. பிறகு யோசித்தேன். அன்று சீலைக்குப் பின்னால் அவள் ஒளிந்தபோது நான் சிரித்தது உண்மைதான். சந்தோஷத்தில்தான் சிரித்தேன். நீ கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாய், நான் அதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டேன். நீ பதினொரு கடிதத்தை ஒளித்தாய், நான் ஒரு பிள்ளையையே ஒளித்துவைத்தேன். நீயும் நானும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள்தான் என்பதில் சந்தேகமில்லை.

போனை எடுக்க மாட்டேன் என்று எழுதினேனே, அதையும் சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு ஞாயிறும் நாலு மணிக்கு டேங்க் வளைவுக்குப் போவேன். அங்கேதான் சிக்னல் இருக்கிறது. போனை மதிலில் வைத்துவிட்டு நிற்பேன். உன் பெயர் வரும், அடிக்கும், நிற்கும். பிறகு வீட்டுக்கு வந்துவிடுவேன். போனை எடுக்காமல் இருப்பதற்கென்றே அரை மைல் நடந்து போகிறவள் இந்த நாட்டில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

நீ எனக்கு நன்றி எழுதியிருக்கிறாய். நானும் உனக்கு ஒரு நாளும் சொன்னதில்லை. எங்களுக்குப் பிள்ளை இல்லை. ஆறு வருஷம் என் காம்பராவில் ஒரு பிள்ளை சிரித்தது, சண்டை பிடித்தது, இரவு என் மேல் காலைப் போட்டுத் தூங்கியது. அது உன் வயிற்றிலிருந்து எனக்குக் கிடைத்தது. வேறு யாரிடமாவது விட்டுவிட்டுப் போகாமல் என் மடியில் போட்டாயே, அதற்கு நன்றி தங்கச்சி. நீ சொன்ன சொல்லைப் பற்றி இனிப் பேச்சில்லை. ஆயா வேலைதான் பார்த்தேன். வாங்கிய பிள்ளையைத் திருப்பிக் கொடுப்பதுதான் அந்த வேலை. பதினெட்டு வருஷத்தில் ஒரே ஒரு பிள்ளையைத் திருப்பிக் கொடுக்க எனக்குக் கை வரவில்லை.

வராவிட்டாலும் கொடுத்தேன். இது உன் அத்தானுக்கும் தெரியாது. அரைக்கதவின் கொண்டி பிள்ளைகளுக்கு எட்டாது என்று ஆபீசரே எழுதிக்கொண்டு போனார். அன்று அவள் தள்ளியதும் கதவு எப்படித் திறந்தது என்று நீங்கள் யாரும் யோசிக்கவில்லை. விஜி கூப்பிட்டார். அவள் என் முகத்தைப் பார்த்தாள். நான் எட்டிக் கொண்டியைத் தூக்கிவிட்டுக் கஞ்சிப் பானைப் பக்கம் திரும்பி நின்றுகொண்டேன். அதற்குப் பிறகுதான் உன் சத்தம் வாசலில் கேட்டது.

இந்தக் கடிதம் உன் கைக்கு வர ஒரு மாதமாகும். அதுவரை அந்தப் பிள்ளையைக் காக்கவைக்க என்னால் ஆகாது. நாளைக்கு ஞாயிறு. நாலு மணிக்கு வளைவில் நிற்பேன். நீ கூப்பிட்டால் எடுப்பேன், கூப்பிடாவிட்டால் நானே அடிப்பேன். இதைப் படிக்கும்போது உனக்கு எல்லாம் தெரிந்திருக்கும். ஆனாலும் எழுதிவைக்கிறேன், போனில் நான் அழுது எதையும் ஒழுங்காகச் சொல்ல மாட்டேன். உன்னோடு பிறகு பேசிக்கொள்ளலாம். முதலில் அவளிடம் கொடுக்கச் சொல்வேன். ஒன்றே ஒன்றுதான் அவளுக்குச் சொல்ல வேண்டும், அதை இன்று காலையிலிருந்து வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

"நீ ஓடல தங்கம். கதவ நாந்தான் தொறந்து விட்டேன்."

பெரியம்மா
ஜெயலெட்சுமி